முப்பத்தொரு கிலோ கரி

பிஷ்கெக், டிசம்பர் 4

அன்பு மருமகன் குபாத்துக்கு,

ஆடுமாடுகளும் ஆட்களும் சுகமா? குதிரைகள் குளிரைத் தாங்குகின்றனவா? இங்கே நானும் உன் அத்தையும் சுகம். எங்களுக்கு ஆடுமாடு என்று சொல்ல ஒரு பூனைதான். அதுவும் சுகம்.

டிரைவர் ஜொல்சுவின் வேன் கூரையில் ஒரு நீளமான சாக்குப் பொதி வரும். உன் அப்பா கண்ணில் படாமல் வாங்கிக்கொள். நாலு வருஷத்துக்கு முன் நான் உனக்குச் செய்து கொடுத்த பனிச்சறுக்குப் பலகையை அவர் முழங்காலில் வைத்து உடைத்து, முன்பாதியை மட்டும் இதே வேனில் எனக்குத் திருப்பி அனுப்பியதை நான் மறக்கவில்லை. கூட ஒரு வரி கடிதம் இல்லை. நீ சறுக்கப் போயிருந்த நேரத்தில் பத்தொன்பது ஆடுகள் பனிப்புயலில் செத்தன, அவர் கோபத்தில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் நாலு வருஷம் பேசாமலிருக்க அந்த ஆடுகள் மறைந்த என் தங்கச்சியின் பிள்ளைகளை விடப் பெரியவையா? போகட்டும்.

பொதியில் இருப்பது என் புது ஜோடி. நீளம் நூற்று எழுபத்திரண்டு சென்டிமீட்டர். பூட்ஸைப் பலகையில் பிடிக்கும் பூட்டு இல்லாமல் ஜோடி எடை இரண்டு கிலோ தொள்ளாயிரம். உள்ளே பாப்லர் மரம், காலடியில் பிர்ச் மரம், மேலும் கீழும் இரண்டிரண்டு அடுக்கு கண்ணாடி இழைத் துணி. ஏறும்போது காலுக்கு லேசாக இருக்க வேண்டும், இறங்கும்போது எந்தப் பனியிலும் நிற்க வேண்டும். எல்லா மலைக்கும் ஒரே ஜோடி என்று கடைக்காரர்கள் சொல்வதை நான் நம்புகிறவனில்லை. அதனால்தான் உனக்கு அனுப்புகிறேன். புதுப்பனியில் பலகையின் மூக்கு மிதக்கிறதா, கெட்டிப்பனியில் விளிம்பு பிடிக்கிறதா, மரங்களுக்கு நடுவே சொன்ன இடத்தில் திரும்புகிறதா, எல்லாம் எழுது. புகழாதே. புகழ உன் அத்தை இருக்கிறாள், அவளும் புகழ்வதில்லை.

உங்கள் பள்ளத்தாக்கில் குளிர்கால விடுதி நடத்தும் தெமிர்கான் தன் வழிகாட்டிகளுக்கு எட்டு ஜோடி கேட்டிருக்கிறார். உன் சொல்லை வைத்துத்தான் அந்த எட்டையும் பலகை அழுத்தி ஒட்டும் அச்சில் ஏற்றுவேன். சோதனை சரியாக நடந்தால் ஒன்பதாவது வழிகாட்டியாக உன்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

பூட்டின் திருகை உன் எடைக்கு வைத்திருக்கிறேன். பழைய எழுபத்தெட்டு கிலோதானே? மாறியிருந்தால் உடனே எழுது. விழும்போது பூட்டு காலை விடுவதும் விடாததும் அந்தத் திருகில்தான் இருக்கிறது.

ஐபெரியின் தலையைத் தடவிக் கொடு. பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறாளா?

உன் மாமா,
சாதிர்


கோக்-பெல், டிசம்பர் 10

குபாத் அண்ணா,

நீ சுகமா? மாஸ்கோவில் கம்பளி உள்சட்டை போடுகிறாயா, இல்லை அழகுக்காக அப்படியே திரிகிறாயா? நான் சுகம். அப்பா சுகம். சிவப்புக் குதிரை இருமுகிறது. வேறு குறையில்லை.

ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டாமல் படி.

சாதிர் மாமாவிடமிருந்து உனக்கு ஒரு ஜோடி பலகை வந்தது. நீ ரஷ்யாவுக்குப் போய்ப் பதினைந்து நாள் ஆனது மாமாவுக்குத் தெரியாது. பொதியை இறக்கும்போது ஜொல்சு அண்ணன் என்னையும் பொதியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, உங்கண்ணன்தான் மாஸ்கோவுல மூட்டை தூக்குறானே. இது யாருக்கு?"

"நான் வச்சிருக்கேன் அண்ணே. மாமாகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"நான் டிரைவர்மா. மூட்டையைத்தான் ஏத்துவேன், சேதியை ஏத்த மாட்டேன். என் டயரு தாங்காது."

மாமாவின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்தால் உனக்கே புரியும். நீ இல்லை என்று எழுதினால் அவர் வேறொருவனுக்கு அனுப்பிவிடுவார், ஒன்பதாவது வழிகாட்டியும் அவனாகிவிடுவான். அதனால் பொதியை வைக்கோலுக்கடியில் ஒளித்தேன். ஒருமுறை ஏறி நின்று பார்க்கலாம் என்று மட்டும் நினைத்தேன். உன் பழைய பூட்ஸுக்குள் மூன்று ஜோடி காலுறை போட்டால் என் கால் ஆடுவதில்லை.

அண்ணா, நின்று பார்த்ததோடு நிற்கவில்லை. பள்ளி விட்ட பிறகு, அப்பா நிலக்கரிக் குழியிலிருந்து வருவதற்குள், தேவதாரு மரங்கள் வரை ஏறி இறங்கினேன். காலில் பலகை இருப்பதே தெரியவில்லை. நீ சொல்லிக் கொடுத்த சரிவில்தான் போனேன், பனி உடைந்து சரியும் பக்கம் போகவில்லை.

இப்போது கொட்டகையில் லாந்தரைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன். உள்ளே வரக் கதவின் தாழ்ப்பாளை எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தாழ்ப்பாள் எது என்று உனக்கு நினைவிருக்கும். அப்பா உடைத்த உன் பலகையின் பின்பாதி. ஒவ்வொரு முறை அதைத் தொடும்போதும் அப்பா வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கிறேன். இந்த ஜோடியையும் அவர் பார்த்தால் கொட்டகைக்கு இன்னொரு தாழ்ப்பாள் கிடைக்கும்.

உன் பெயரில் மாமாவுக்குப் பதில் எழுதவா? எழுதாதே என்று நீ சொல்ல ஆறு வாரம் ஆகும். அதற்குள் எழுதிவிடுவேன்.

உன் தங்கை,
ஐபெரி


கோக்-பெல், டிசம்பர் 21

மதிப்புக்குரிய சாதிர் மாமாவுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா? பூனை சுகமா? எங்கள் ஆடுமாடுகள் சுகம். அப்பா சுகம். ஐபெரி பள்ளிக்கூடம் போகிறாள்.

பொதி பத்திரமாக வந்தது. ஐந்து முறை ஏறி இறங்கினேன்.

ஏற்றத்தில் குறை சொல்ல ஒன்றே ஒன்றுதான். மேல் பூச்சைக் கறுப்பாக அடித்திருக்கிறீர்கள். வெயில் பட்டால் மேலே விழுந்த பனி உருகுகிறது, நிழலுக்குள் நுழைந்ததும் அது பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. மலை உச்சிக்குப் போவதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு ரொட்டி எடை கூடிவிடுகிறது. நீங்கள் கஷ்டப்பட்டு மரத்தில் சீவிய கிராமெல்லாம் அதில் போய்விடும். வெள்ளை அடியுங்கள்.

புதுப்பனியில் மூக்கு அமுங்குவதே இல்லை. முழங்கால் ஆழத்தில்கூட மேலே மேலே வருகிறது. பின்னால் சாய வேண்டிய அவசியமே இல்லை. மரங்களுக்கு நடுவே திரும்பு என்று நினைத்ததும் திரும்புகிறது. சொல்லி முடிக்க வேண்டாம். ஆனால் வால் கொஞ்சம் பிடிவாதம். திருப்பத்தின் கடைசியில் அது முடிந்துவிட்டது என்று ஒத்துக்கொள்ள மறுக்கிறது.

குதிரைத் தடத்திலும் போய்ப் பார்த்தேன். உறைந்த சாணியின் மேல் ஏறியபோது மூக்கு தடதடவென்று ஆடியது. மலைக்கு அது தேவையில்லை, வீட்டுக்குத் திரும்பத் தேவை.

எடையில் மாற்றம் இல்லை. அதே எழுபத்தெட்டு.

உங்கள் மருமகன்,
குபாத்


பிஷ்கெக், ஜனவரி 4

மருமகனே,

ஆட்களும் ஆடுமாடுகளும் சுகமாக இருக்கட்டும். எங்களுக்குச் சளி. பூனைக்கு மட்டும் இல்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உன் அத்தைக்கும் படித்துக் காட்டினேன். "இவன் எப்பங்க இவ்வளவு புத்திசாலி ஆனான்? போன தடவை 'சூப்பர் மாமா'ன்னு ஒரு வரிதானே எழுதினான்?" என்றாள். எனக்கும் அதே ஆச்சரியம்தான். கையெழுத்தும் திருந்திவிட்டது. முன்பெல்லாம் கோழி மையில் மிதித்து நடந்த மாதிரி இருக்கும். காதலி யாராவது வந்துவிட்டாளா?

வெள்ளை அடிக்க முதலில் மனம் வரவில்லை. பனியில் விழுந்தால் தேட முடியாதே என்று நினைத்தேன். பிறகு, காலிலிருந்து கழன்றால்தானே தேட வேண்டும் என்று தோன்றியது. வெள்ளை அடிக்கிறேன்.

ஆனால் புதுப்பனியில் எல்லாப் பலகையும் நல்ல பலகைதான். சாப்பாட்டு மேஜைப் பலகையைக் கட்டிக்கொண்டு இறங்கினாலும் புதுப்பனி மன்னிக்கும். எனக்குக் கெட்டிப்பனியைச் சொல். காற்று தேய்த்து வைத்த முகட்டில், காலை நேரத்தில், விளிம்பு பிடிக்கிறதா? நடுவில் வளைகிறதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் எட்டு ஜோடியை அச்சில் ஏற்ற மாட்டேன்.

உன் மாமா,
சாதிர்


மாஸ்கோ, ஜனவரி 12

ஐபெரி,

சுகமா? சிவப்புக் குதிரைக்கு இருமல் நின்றதா? நான் சுகம். கிடங்கில் பதினாலு மணி நேரம். இங்கே பனி விழுகிறது, விழுந்த உடனே கறுப்பாகிறது. யாருக்கும் அதைப் பார்க்க நேரமில்லை.

உன் கடிதம் வந்தபோது முதலில் கோபம் வந்தது. பிறகு கக்கூஸில் உட்கார்ந்து சிரித்தேன். அறையில் எட்டுப் பேர், சிரிக்க வேறு இடமில்லை.

நிறுத்தாதே. என் பெயரிலேயே எழுது. ஏப்ரலில் திரும்பி வந்துவிடுவேன். தெமிர்கானிடம் அந்த வேலை கிடைத்தால் இந்தக் கிடங்குக்குத் திரும்ப வேண்டியதில்லை. மாமாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடாதே. பதினைந்து வயதுப் பிள்ளை சோதித்தாள் என்று தெரிந்தால் ஒரு வரியையும் நம்ப மாட்டார்.

பூட்டுத் திருகு ஏழாம் எண்ணில் இருக்கும். உனக்கு அது அதிகம். குறைக்க என் பெட்டியில் திருப்புளி இருக்கிறது, அடியில், காலுறைகளுக்குக் கீழே. குறைத்துவிட்டுத்தானே போகிறாய்?

அண்ணன்,
குபாத்


கோக்-பெல், பிப்ரவரி 8

மதிப்புக்குரிய சாதிர் மாமாவுக்கு,

உங்கள் எல்லோருக்கும் சளி விட்டதா? நாங்கள் சுகம். பதில் எழுதத் தாமதம் ஆனதற்கு மன்னியுங்கள். ஆடுகள் குட்டி போடும் காலம்.

வெள்ளைத்தோள் முகட்டுக்குப் போனேன். நீங்கள் கேட்ட கெட்டிப்பனி அங்கேதான் இருக்கிறது. தட்டினால் கதவு தட்டும் சத்தம் வரும்.

விளிம்பு பிடிக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பலகை வளைய மறுக்கிறது. நடுவில் நின்று முழு பலத்தோடு அழுத்தினாலும் நேராகவே நிற்கிறது. அதனால் நான் கேட்கும் திருப்பத்தைத் தராமல் அதற்குத் தெரிந்த பெரிய திருப்பத்தையே தருகிறது. புதுப்பனியில் நண்பன், கெட்டிப்பனியில் வாத்தியார். மத்தியானம் மேல்பனி ஒரு விரல் இளகிய பிறகு மறுபடி நண்பனாகிவிட்டது.

நாலுவிதப் பனியில் மூன்றில் இந்த ஜோடியை விட நல்லதை நான் காலில் போட்டதில்லை. நான்காவதற்கு அது வளைய வேண்டும்.

பூட்டு உறுதியாக இருக்கிறது. லேசில் விடுவதில்லை.

உங்கள் மருமகன்,
குபாத்


கோக்-பெல், பிப்ரவரி 9

அண்ணா,

நீ சுகமா? நாங்கள் சுகம் என்று நேற்று மாமாவுக்கு எழுதினேன். உனக்கு உண்மையை எழுதுகிறேன்.

உன் கடிதம் பிப்ரவரி மூன்றாம் தேதி வந்தது. நான் வெள்ளைத்தோளில் விழுந்தது ஜனவரி பதினாறு. திருகைப் பற்றி எனக்கு அதற்கு முன் யோசனையே வரவில்லை. மாமா முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தார், நான்தான் எடையைப் பொய்யாக எழுதுவதில் கவனமாக இருந்தேனே தவிர, அந்த எடை எதற்கு என்று நினைக்கவில்லை.

இடது பலகை ஒரு பக்கம் போனது, நான் இன்னொரு பக்கம் போனேன். பூட்டு விடவில்லை. முழங்கால் சுரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அப்பாவிடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். அவர் "தொட்டி அவ்வளவு உயரமா?" என்று கேட்டார். பிறகு ஆட்டுவால் கொழுப்பைச் சூடுபண்ணிக் கட்டினார். பதினெட்டு நாள் நொண்டினேன். இப்போது சரியாகிவிட்டது, ஓடுகிறேன். திருகை நாலில் வைத்திருக்கிறேன்.

எனக்கு முழங்காலைப் பற்றிப் பயமில்லை. நேற்று எழுதிய கடிதத்தைப் பற்றித்தான் பயம். பலகை வளையவில்லை என்று எழுதியது சத்தியம். ஆனால் அது எனக்கு வளையவில்லை. மாமா படிக்கும்போது எழுபத்தெட்டு கிலோ ஆளுக்கு வளையவில்லை என்றுதானே படிப்பார்? கடிதத்தை ஜொல்சு அண்ணனிடம் கொடுத்து, வேன் வளைவு திரும்பிய பிறகுதான் இது தோன்றியது. பின்னாலேயே ஓடினேன், வேன் நிற்கவில்லை.

ஐபெரி


பிஷ்கெக், பிப்ரவரி 20

மருமகனே,

குட்டிகள் எத்தனை? எல்லாம் பால் குடிக்கின்றனவா? நாங்கள் சுகம்.

உன் கடிதம் என் கண்ணைத் திறந்துவிட்டது. எழுபத்தெட்டு கிலோ ஆள் ஏறி நின்று அழுத்தியும் வளையவில்லை என்றால், நான் செய்தது பலகை இல்லை, பாலம். வீணாக மரமும் துணியும் போட்டிருக்கிறேன். ஆகவே கீழ்ப்பக்கம் ஒரு அடுக்கு இழையை எடுத்துவிடுகிறேன். மரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் சீவுகிறேன். ஜோடி இரண்டு கிலோ அறுநூறுக்கு வந்துவிடும். இவ்வளவு லேசாக, எல்லாப் பனிக்கும், இந்த ஊரில் எவனும் செய்ததில்லை. உன் அத்தைகூட "பரவாயில்ல" என்றாள். இருபது வருஷத்தில் இரண்டாம் தடவை.

தெமிர்கான் அவசரப்படுகிறார். ஏப்ரல் முழுவதும் அவருடைய ஆட்கள் கிடாக்கழுத்து என்ற செங்குத்து மலைச் சந்தில் விருந்தாளிகளை இறக்கப் போகிறார்கள், முதுகில் பதினைந்து கிலோ பையோடு. மார்ச் பன்னிரண்டில் சீவிய பலகைகளை உள்ளே வைத்து அச்சை மூடுகிறேன். உனக்கு வேறு ஏதாவது சொல்ல இருந்தால் அதற்குள் சொல்.

உன் மாமா,
சாதிர்


கோக்-பெல், மார்ச் 5

சாதிர் மாமா,

நீங்கள் சுகமா என்று கேட்டுவிட்டேன். இனிமேல் அச்சைத் தொடாதீர்கள். மீதியைப் படிப்பதற்கு முன் எழுந்து போய் அச்சு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் ஐபெரி. குபாத் அண்ணன் நவம்பர் கடைசியிலிருந்து மாஸ்கோவில் இருக்கிறான். பலகைகளை வாங்கியது நான், சறுக்கியது நான், எழுதியது நான். என் எடை நாற்பத்தேழு கிலோ.

நான் எழுதியதில் எடையையும் பெயரையும் தவிர எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த எடைப் பொய் மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. பலகை வளையாதது நான் லேசாக இருப்பதால். அதைச் சீவினால் உங்கள் எட்டு ஆட்களுக்கும் கிடாக்கழுத்தில் அது நனைந்த ரொட்டி மாதிரி மடங்கும்.

இதை வெறுமனே சொன்னால் நம்புவீர்களா என்று யோசித்தேன். பயந்துபோய் உளறுகிறாள் என்று நினைக்கலாம். பயமாகத்தான் இருக்கிறது. அதனால் சோதித்துப் பார்த்தேன்.

எழுபத்தெட்டில் நாற்பத்தேழு போனால் முப்பத்தொன்று. எங்கள் வீட்டில் கரிக்குப் பஞ்சமில்லை. ஆட்டுக்குட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் நிறுத்து, பத்து, பத்து, பதினொன்று என்று மூன்று நாளில் மூன்று நடையாகப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் சரிவின் உச்சிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு தேவதாரு வேருக்கடியில் சேர்த்து வைத்தேன். நேற்று எல்லாவற்றையும் அப்பாவின் பழைய சுரங்கச் சாக்கில் கட்டி முதுகில் ஏற்றி, திருகை மறுபடி ஏழில் வைத்து இறங்கினேன். மத்தியானமே நிழல் விழும் சரிவு அது, பனி கண்ணாடி மாதிரி இருந்தது.

மாமா, அது வேறு பலகை. முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது. வில் மாதிரி வளைந்தது, வில் மாதிரி என்னைத் திருப்பித் தள்ளியது. கேட்ட இடத்தில் கேட்ட அளவு திரும்பியது. நான்கு பனிக்கும் நல்லது என்று இப்போது எழுதுகிறேன். ஒரு கிராம்கூடச் சீவாதீர்கள். ஒரே ஒரு குறை. பாரம் ஏறியதும் வால் கடைசியில் நழுவுகிறது. குதிகாலுக்குக் கீழே பிர்ச் பட்டையை ஒரு சாண் நீட்டினால் போதும்.

பதினோராவது திருப்பத்தில் விழுந்தேன். சாக்கின் பாரம் ஒரு பக்கமாகப் போய்விட்டது, பலகையின் தப்பு இல்லை. பூட்டு இந்த முறை சரியாக விட்டது. எழுபத்தெட்டு கிலோவுக்கு ஏழு சரியான எண். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சாக்கு கிழிந்துவிட்டது. வெள்ளைச் சரிவில் நான் விழுந்த இடத்திலிருந்து அடிவரை ஒரு கறுப்புக் கோடு. ஊர் முழுக்கத் தெரிகிறது. நேற்றுச் சாயங்காலம் அப்பா வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்:

"என்னய்யா ஒமுர்பெக், மலைக்கு யாரோ மை வச்சிருக்கான்?"

"மை இல்ல. அது நல்ல கரி. மூணாம் குழிக் கரி" என்றார் அப்பா.

பிறகு உள்ளே வந்து டீ குடித்தார். இன்று விடிவதற்கு முன்பே சிவப்புக் குதிரையைப் பூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். இருட்டின பிறகுதான் வந்தார். இப்போது தூங்குகிறார். நான் கொட்டகையில் எழுதுகிறேன். நாளை என்ன நடக்கும் என்று தெரியாது.

அண்ணனைத் திட்டாதீர்கள். அவனுடைய வேலை போய்விட்டால் அதற்குக் காரணம் நான்தான். அவனுக்கும் எழுதிவிட்டேன்.

மருமகன் மாமா வீட்டுக்கு வருவதை விட ஏழு ஓநாய் வருவது மேல் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வந்தால் கேட்டதை வாங்காமல் போக மாட்டான் என்பதால். மருமகளுக்கும் அந்த உரிமை உண்டு என்றால் நான் கேட்பது ஒன்றுதான். அச்சைத் திறங்கள்.

ஐபெரி


பிஷ்கெக், மார்ச் 14

ஐபெரி,

சுகமா? முழங்கால் சுகமா? "பூட்டு லேசில் விடுவதில்லை" என்று நீ எழுதியதை நேற்றுத்தான் மறுபடி எடுத்துப் படித்தேன். எனக்கு வாயில் வந்ததை எல்லாம் எழுதினால் தபால்காரர் இந்தக் கடிதத்தைத் தொட மாட்டார், அதனால் எழுதவில்லை.

உன் கடிதம் பத்தாம் தேதி மத்தியானம் வந்தது. ஜொல்சு அதை இங்கே வரும் கரகோல் ஊர்ப் பேருந்துக்காரனிடம் கொடுக்கும்போது, "இதுல சேதி இருக்கு, டயரைப் பாத்துக்க" என்றானாம். நான் எழுந்து போய் அச்சைப் பார்த்தேன். பொறுமையில்லாமல் முன்னாலேயே தொடங்கிவிட்டேன். சீவிய ஜோடி இரண்டு வெளியே வந்து காய்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது உள்ளே போக இருந்தது.

ஒரு ஜோடியின் இரண்டு முனைகளையும் நாற்காலிகளில் வைத்து, நடுவில் நான் ஏறி நின்றேன். என் எடை உனக்குத் தெரியும். நீ சொன்ன ரொட்டி சரியான வார்த்தை.

தெமிர்கான் சாயங்காலம் வந்தார். மறைக்காமல் சொன்னேன்.

"உன் ஆளு யாருய்யா கடைசியில?"

"என் மருமக. பதினஞ்சு வயசு."

"கரி மூட்டையைக் கட்டிக்கிட்டு கெட்டிப்பனியில எறங்கினாளா?"

"பதினோரு திருப்பம்."

"என் ஆளுங்க ஒரு கிண்ணம் சூப்பு குடிச்சா எறங்க மாட்டானுங்க" என்றார். பிறகு எட்டு ஜோடியும் உன் சொல்படியே வேண்டும் என்றார். பழைய கனம், வெள்ளை மேல்பூச்சு, குதிகாலுக்குக் கீழே ஒரு சாண் பிர்ச். குபாத்தைப் பற்றிக் கேட்டேன். ஏப்ரலில் வந்து சறுக்கிக் காட்டட்டும், எழுதிக் காட்ட வேண்டாம் என்றார். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

சீவிய இரண்டு ஜோடியில் ஒன்றை நான் உடைத்துவிட்டேன். மற்றொன்று இருக்கிறது. இரண்டு கிலோ அறுநூறு. பெரிய ஆட்களுக்கு அது ஆகாது. நாற்பத்தேழு கிலோ ஆள் நடுவில் நின்றால் அழகாக வளையும் என்று நினைக்கிறேன். அதற்குப் பூட்டு மாட்ட வேண்டும், திருகு வைக்க வேண்டும், அதற்கு எடை வேண்டும்.

ஆனால் உன் எடையை நீ சொல்லி நான் இனிமேல் எழுதிக்கொள்ள மாட்டேன். ஒருமுறை நம்பியது போதும். பொய் சொல்லத் தெரியாத ஒருவர் நிறுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார். அவர் எனக்கு எழுத மாட்டார் என்றால் பலகை இங்கேயே சுவரில் நிற்கும்.

இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். கரி சுமந்தவளுக்கு இது பாரமா?

உன் மாமா,
சாதிர்


கோக்-பெல், மார்ச் 23

சாதிருக்கு,

எங்கள் ஆடுமாடுகள் சுகம். இருபத்தெட்டுக் குட்டி. உன் வீட்டில் ஆடுமாடு கிடையாது, அதனால் கேட்கவில்லை. மனைவியைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தை இவள் என் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். "படிங்கப்பா, அப்புறம் அடிங்க" என்றாள். படித்தேன். அடிக்கவில்லை.

கரியைப் பொறுக்கினேன். இருபத்தாறு கிலோ கிடைத்தது. மிச்சம் பனி உருகினால் தெரியும். பொறுக்குவதற்குக் குதிரையோடு உச்சிவரை போனபோது தடத்தைப் பார்த்தேன். எனக்குப் பனிச்சறுக்கு தெரியாது. பாரவண்டித் தடம் தெரியும், இருபத்திரண்டு வருஷம் சுரங்கத்தில் வண்டி தள்ளியவன். பாரம் ஏறிய வண்டியைத் திருப்பும்போது எவனுக்கும் தடம் கலையும். இவளுடையது பத்துத் திருப்பமும் கத்தியால் கீறிய மாதிரி இருந்தது. பதினோராவதில் என் சாக்கு கிழிந்திருக்கிறது. அது பழைய சாக்கு.

அந்தப் பத்தொன்பது ஆடுகள் உன்னால் சாகவில்லை. பலகையாலும் சாகவில்லை. அன்றைக்கு மந்தையை இறக்கச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். குபாத்துக்கும் இதை எழுதுகிறேன்.

நான் உடைத்த பலகையின் ஒரு பாதியை உனக்கு அனுப்பினேன். இன்னொரு பாதி என் கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருக்கிறது. நாலு குளிர்காலம், நாலு மழைக்காலம். வளையவில்லை, பிளக்கவில்லை. நல்ல மரம். அதை ராத்திரிதோறும் யார் எடுக்கிறார்கள், லாந்தரில் எண்ணெய் ஏன் குறைகிறது என்று எனக்குத் தெரியாது என்று இவள் நினைத்திருக்கிறாள். தண்ணீர்த் தொட்டி முழங்கால் உயரம்கூட இல்லை.

நிறுத்தேன். கொக்கித் தராசில், சாக்கில் உட்காரவைத்து, குட்டியை நிறுக்கிற மாதிரி. இரண்டு முறை. சிரித்துக்கொண்டே இருந்தாள், முள் நிற்கவில்லை. அதட்டின பிறகு நின்றது.

நாற்பத்தேழரை கிலோ. நாற்பத்தேழு இல்லை.

திருகை அதற்கு வை. விழுந்தால் பலகை இவளை விட்டுவிட வேண்டும்.

ஒமுர்பெக்